அக்காமாரே, படத்தின் பின்பக்கம் பெயர் எழுதுங்கள்

திருவேங்கடத்திலும் சுற்றுவட்டக் கரிசல் கிராமங்களிலும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன, இன்னும் போய்க்கொண்டிருக்கிற அக்காமாருக்கும் மதினிமாருக்கும் ஆச்சிமாருக்கும் ஒரு மடல்.

தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற நேரம் வந்தால் நம் வீடுகளில் பரண் காலியாகிவிடும். டிரங்குப் பெட்டி பழைய இரும்புக்குப் போகும். உள்ளே கிடந்த காகிதத்தை வாசலில் குவித்துக் கொளுத்திவிட்டு, பெட்டி எத்தனை கிலோ நின்றது என்று பேசிக்கொண்டிருப்போம். அந்தத் தீயை வைப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். உங்களிடம் பொருள் எதுவும் கேட்கவில்லை. போட்டோவோ பழைய தீப்பெட்டிப் படமோ எதுவானாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அவற்றைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த விவரம் இருக்கிறதே, அதைப் பென்சிலால் எழுதி வையுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு நீள மடல்.

நமக்கு வடக்கே வெம்பக்கோட்டைப் பக்கம் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல் துண்டு, பாசிமணி, சுடுமண் பொம்மை என்று வரிசையாக வெளியே வந்தன. நம் புஞ்சைக் காட்டில் உழும்போது கால் இடறுகிற ஓட்டாஞ்சில்லுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான் அவையெல்லாம். ஆனால் அங்கே தோண்டியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். எந்தத் துண்டு கிடைத்தாலும் எந்தக் குழி, எவ்வளவு ஆழம், என்றைக்கு என்று சீட்டு எழுதி அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். சீட்டு தொலைந்தால் அந்தச் சங்கு வளையலை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, உடைந்த சங்கு என்பதைத் தவிர. நம் டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதற்குச் சீட்டு கிடையாது. அது இன்னும் உங்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு முதல் மியூசியம் காலித் தீப்பெட்டிதான் என்பேன். பொன்வண்டை அதற்குள் போட்டு, வேலங்கொழுந்தைக் கிள்ளி வைத்து, மூச்சு முட்டாமல் இருக்கப் பெட்டியை ஒரு விரற்கடை திறந்து வைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டாத பிள்ளை நம் பக்கத்தில் அபூர்வம். மழைக்குப் பிறகு உடைமரத்திலும் வேலமரத்திலும் அது வந்து உட்காரும். பெட்டிக்குள்ளேயே முட்டையிட்டுவிடும், அரிசி மாதிரி இருக்கிற அதையும் ஊர் கூடிப் பார்க்கும். அதன் பச்சை சாயத்தால் வந்த நிறம் இல்லை. சிறகு ஓட்டில் மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்புவதால் வருகிற நிறம் அது. சாயம் என்றால் வெளுக்கும், இது வெளுக்காது. ஜப்பானில் ஹோர்யூஜி கோயிலில் ஏழாம் நூற்றாண்டு மரமாடம் ஒன்றைப் பொன்வண்டுச் சிறகு பதித்து அலங்கரித்தார்கள். எஞ்சியிருக்கிற சிறகுகள் இன்றைக்கும் மினுங்குகின்றன. சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட நமக்கு, பெரிய ஜப்பானில் நம் வண்டு வகைக்கு இருந்த மரியாதையை யாரும் சொன்னதில்லை!

முதல் மழை அடித்த மறுநாள் செம்பட்டுத் துணுக்காய் ஊர்ந்து வருகிற தம்பலப் பூச்சிக்கும் அதே பெட்டிதான். வெல்வெட் பூச்சி என்றும் சொல்வீர்கள். எட்டுக் கால் இருப்பதால் சிலந்தி வகையறா. குஞ்சாக இருக்கும்போது ஆறு காலோடு வெட்டுக்கிளிமேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும், பெரிதானதும் மண்ணுக்குள் பூச்சி முட்டைகளைத் தின்று திரியும், ஆண்டில் சில நாள் மட்டும் மேலே வந்து முகம் காட்டும். இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். எந்த ஊர்க் காட்டில் எந்த வருஷம் வரை வந்தது, மருந்து அடிக்க ஆரம்பித்த பிறகு எந்தப் புஞ்சையில் இல்லாமல் போனது என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் குனிந்த இடுப்போடு அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தவர்கள் நீங்கள். ஆபீஸில் வேலை இல்லாத நாளில் காட்டு வேலை, காட்டு வேலை ஓய்ந்தால் ஆபீஸ் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனதால் இரண்டு சங்கதியும் உங்களிடமே சேர்ந்துவிட்டது.

தீப்பெட்டிக் கதையின் தொடக்கத்தை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு, 1923-இல் ஊர் திரும்பித் தொடங்கினார்கள். பிறகு அணில் ஒருவருக்கும் காக்கா இன்னொருவருக்கும் அடையாளமானது. அதே 1923-இல்தான் சுவீடன் கம்பெனி விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள் இறங்கி, பெரிய எந்திரங்களோடு தொழில் செய்ய ஆரம்பித்தது. அந்த எந்திரங்களுக்கு எதிரில் இந்தக் கரிசல் பூமி நின்று பிடித்தது எப்படி? மழை குறைந்த வெயில் காடு, குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும் என்றார்கள். கையால் செய்கிற தீப்பெட்டிக்கு அரசாங்கம் வரியில் சலுகை கொடுத்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் மானாவாரி பொய்த்த வருஷங்களில் எந்தக் கூலிக்கும் வரத் தயாராயிருந்த வீடுகள், அதிலும் பெண்டு பிள்ளைகள் இருந்ததுதான் முதல் காரணம் என்பது என் கணக்கு. ஆபீஸ் முதலாளிகள் எழுதிய வரலாறுகளில் இது கடைசி வரியில் வரும், வந்தால்.

சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம் என்று தொழில் பரவியபோது மரம் கேரளத்திலிருந்து லாரியில் வந்தது, மருந்து வெளியூரிலிருந்து வந்தது, விற்பனை வடநாட்டுக்குப் போனது. இங்கே இருந்தது விரல்கள் மட்டும். கட்டை அடுக்குகிறவர் சட்டத்தின் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி விழும்படி கையை ஆட்டி ஆட்டி நிரப்புவார். ஒரு குச்சி தூக்கி நின்றாலும் மருந்தில் முக்கும்போது தலை ஒன்று பெரிதாகவும் ஒன்று மொட்டையாகவும் போகும். முதலில் மெழுகில் முக்கினால்தான் மருந்தில் பிடித்த தீ குச்சிக்கு இறங்கும். பிறகு பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரமும் கலந்த தலை மருந்து. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசிய பக்க மருந்து. இரண்டையும் பிரித்து வைத்தால் சும்மா பற்றாது என்று 1844-இல் சுவீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் கண்டுபிடித்தார். அதற்கு முன்னால் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி செய்த ஐரோப்பியப் பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி அதைத் தடை செய்தன. நம்மூருக்குத் தொழில் வரும்போது அந்த நோய் தாண்டிப் போயிருந்தது, நல்லவேளை.

வச்சிரம் என்றேனே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. அதையே நன்றாகச் சுத்தம் செய்தால் ஜெலட்டின். போட்டோ நெகட்டிவிலும் படத்தாளிலும் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது அதே ஜெலட்டின்தான். தீக்குச்சித் தலையையும் உங்கள் கல்யாணப் படத்தையும் ஒரே சாதிப் பசை ஒட்டிவைத்திருக்கிறது. அதனால்தான் ஈரம் பட்டால் இரண்டும் கெடுகின்றன. இராமபாணப் பூச்சி படத்தின் முகத்தை மட்டும் சுரண்டித் தின்பதும் அந்த ருசிக்குத்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்தைச் சாய்த்துப் பாருங்கள். கருமையான இடங்களில் நீலம் கலந்த பாதரச மினுக்கம் தெரிந்தால் அது அழுக்கு என்று ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். உள்ளிருந்த வெள்ளி மேலே வந்து படிந்திருக்கிறது, படம் வயதானது என்பதற்கு அது அத்தாட்சி. கண்ணாடி நெகட்டிவாகவும் பிலிமாகவும் ஸ்டூடியோக்களில் மலை மலையாய் இருந்தவற்றை அந்த வெள்ளிக்காகவே எடைக்கு வாங்கிப் போனவர்கள் உண்டு. ஆகவே பல ஊர்களில் ஸ்டூடியோவில் நெகட்டிவ் இல்லை. அந்தப் படத்துக்கு உலகத்தில் ஒரே பிரதி உங்கள் சுவரில் தொங்குவதுதான். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி நகலெடுத்துக் காப்பாற்றியது. வெளிநாட்டு அறிஞர்கள் வந்து நம் தாத்தா பாட்டி படத்தைத் தேடிப்பிடித்ததைப் பார்த்த பிறகாவது நமக்கு ரோஷம் வர வேண்டாமா?

படங்கள் இருந்தும் ஆட்கள் இல்லாமல் போன கதை பழையது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையைப் படமெடுத்தார். காகித நெகட்டிவ் ஒளி வாங்க வெகு நேரம் எடுக்கும் என்பதால் நடமாடுகிறவர்கள் அதில் பதியவில்லை. நாயக்கர் மகால் தூண்கள் கம்பீரமாய் நிற்க, மதுரை ஆளரவமற்றுக் கிடக்கும். பிறகு 1868 முதல் 1875 வரை ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்று எட்டுத் தொகுதிகள் வெளியாயின. இதில் ஆட்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான படங்களின் கீழே சாதி எழுதியிருக்கும், இனம் எழுதியிருக்கும், ஊர்கூட எழுதியிருக்கும். அந்த மனுஷனுடைய, மனுஷியுடைய பெயர் இருக்காது.

உங்களுக்கும் அதுதான் நடந்தது. தீப்பெட்டித் தொழில் பற்றிப் பத்திரிகைகள் ஏராளமாய்ப் படம் போட்டன. குச்சி அடுக்குகிற சிறுமிகள் என்று தலைப்பு, பெயர் கிடையாது. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் வெளிநாடுகளிலும் திரையிடப்பட்டது. அது அவசியமான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடியும் முன்னே வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ்ஸைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு எழுந்து, 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்ததும் நல்லதற்கே. ஆனாலும் அந்தப் பிள்ளைகளில் யாராவது வளர்ந்து, “அது நான்தான், பக்கத்தில் இருப்பது என் பெரியம்மா மகள்” என்று சொல்லி அதை எழுதி வைத்தாரா? ஆபீஸ் வாசலில் ஆயுதபூஜைக்கு எடுத்த குரூப் போட்டோ எங்காவது இருந்தால் அதில் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் நாற்காலியில் இருப்பார்கள். பெயர் கேட்டால் அவர்கள் பெயர் கிடைக்கும். பின்வரிசையில் தலை மட்டும் தெரிகிறவர்களை உங்களில் ஒருத்திதான் விரல் வைத்துச் சொல்ல முடியும்.

இதில் மனத்தாங்கல் உள்ளவர்கள் இருப்பீர்கள் என்று தெரியும். “படிக்க வேண்டிய வயசில் குச்சி அடுக்கினோம், அதை எதுக்கு இப்போ தோண்டுறே தம்பி” என்று கேட்டால் என்னிடம் எதிர்ப்பேச்சு இல்லை. வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பதை எழுத வேண்டாம். ஒரு படத்தைக் கிழிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். பரண் ஒழிக்க வந்த மருமகனோ பழைய இரும்புக்காரரோ எடுக்கக் கூடாது. கூலியை எண்ணி வாங்கி மஞ்சப்பையில் முடிந்து வந்த பெருமையும், கட்டை அடுக்குகிற போட்டியில் யார் முந்துவது என்ற கும்மாளமும் அந்த நாட்களில் இருந்தது என்று நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கஷ்டத்தை மட்டும் எழுதினால் அதுவும் பாதிதான்.

இனி, எப்படி என்பது.

தீப்பெட்டிப் படம், பெட்டி எது கிடைத்தாலும் கவனியுங்கள். மேல்பெட்டியும் அடிப்பெட்டியும் மெல்லிய மரச் சீவலாக, ஓரத்தில் நீலக் காகிதம் ஒட்டியிருந்தால் அட்டைப்பெட்டிக் காலத்துக்கு முந்தியது. பெட்டியின் குறுக்கே அரசாங்கக் காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தால் இன்னும் பழசு. 1934-இல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்ட பிறகு, வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டிய பட்டை அது. குச்சி எத்தனை, விலை எவ்வளவு என்று அச்சடித்ததும் காலத்தைச் சொல்லும். நமக்குத் தெரிய, பெட்டி ஒரு ரூபாயிலேயே 14 வருஷம் நின்றது. 2021 டிசம்பர் முதல் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. விலை எழுதிய பெட்டியை அப்படியே கணக்குப் போட்டுவிடலாம். சேகரிக்கிறவர்கள் இதையெல்லாம் கண்டுபிடித்துவிடுவார்கள், அதில் உங்கள் உதவி வேண்டாம். எந்த ஆபீஸில் எந்த லேபிள் ஓடியது, ஒரே ஆபீஸில் எத்தனை லேபிள் ஒட்டச் சொன்னார்கள், எந்தப் படம் எந்த ஊருக்குப் போகும் என்று பேசிக்கொண்டார்கள் என்பதை அவர்கள் எங்கே போய்க் கண்டுபிடிப்பது? அதை எழுதுங்கள்.

போட்டோவுக்கு வருவோம். பின்பக்கத்தில் எழுதப் பென்சில் மட்டும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும், மையும் ஊறும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் தனித் துண்டுக் காகிதத்தில் எழுதிப் படத்தோடு ஓர் உறையில் போடுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர், உறவு, ஊர், எந்த விசேஷம், எந்த ஸ்டூடியோ. வருஷம் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். மூத்தவன் பிறந்ததற்கு முன்னாலா பின்னாலா, ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டதா, அந்த ஆண்டு ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போனபோது எடுத்ததா என்று எழுதினால் போதும், தெரிந்தவர்கள் உட்கார்ந்து வருஷம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். வேலையையும் எழுதுங்கள்: கட்டை அடுக்கியவர், பெட்டி ஒட்டியவர், மருந்து முக்கியவர், பண்டல் கட்டியவர். பி.எஃப். அட்டைக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம்தான் கல்யாணத்துக்கு முந்திய ஒரே படம் என்று இருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதைவிட நல்ல படம் எது?

சட்டம் போட்டு மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம், அப்படியே வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து செல்போனில் எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினால் உள்ளே பழைய செய்தித்தாள் மடித்து வைத்திருப்பார்கள். அந்தத் தாளில் தேதி இருக்கும். படம் எடுத்த தேதி அது இல்லை, சட்டம் போட்ட காலம் தெரியும். அதுவும் ஒரு பிடிதான். தாளைக் குப்பையில் போட்டுவிடாமல் கூடவே வைத்திருங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், சூடு பட்ட படத்தை மறுபடி வெளியே எடுக்க முடியாது.

முடிந்தால் பூச்சி புழுவுக்கும் இதையே செய்யுங்கள். பேரன் பொன்வண்டு பிடித்து வந்தால் திட்டுவதற்கு முன்னால், எந்த மரத்தில் பிடித்தான், என்ன தேதி என்று கேட்டு, காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தம்பலப் பூச்சி முதலில் கண்ட நாளையும் எழுதலாம். வீட்டு நாள்காட்டியில் பால் கணக்கு எழுதுகிற இடம்தானே. பிறகு வண்டைத் திறந்து விட்டுவிடட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதே என்று தயங்குகிற ஆச்சிமார் வீட்டிலுள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டே போங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்தாலும் நல்லது. படத்தைக் காட்டிப் பேசும்போது முதலில், “இது எந்தப் படம்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் எந்தப் படத்துக்கான பேச்சு என்று யாருக்கும் விளங்காது.

உங்கள் தம்பி,
திருவேங்கடம்.

பி.கு.: எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், கலர் படத்திலிருந்து. 1970, 80-களில் எடுத்த கலர் படங்கள் பெட்டிக்குள் பத்திரமாய் இருந்தாலும் நீலம் வெளுத்து, ஆள் அத்தனை பேரும் செக்கச் செவேலென்று ஆகிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளை இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், உங்கள் கல்யாண ஆல்பம் தாங்காது.